கன்றுக்குக் குழாய் போட்டு மருந்து ஊற்றும் பை: பட்டிக்குத் தேவையா?

காலபோக விதைப்புத் தொடங்கினால் வன்னியில் மாடுகளைக் காட்டுக்கரைக்கும் குளக்கட்டுக்கும் சாய்த்துவிடுவார்கள். அங்கே கன்று பின்கால் பின்னித் தள்ளாடினால் முதல் சந்தேகம் இலை நஞ்சுதான். அந்த நேரத்துக்கு உதவும் சாமான் இது: 2 லீற்றர் பை, ரியூப், இறுக்கி, முனையில் குமிழ் வைத்த குழாய். வாங்கலாம்.

வயிற்றில் உள்ள நஞ்சைப் பிடிக்கவென்று பால் போத்தலில் கரித்தூளைக் கலந்து கொடுக்கிறவர்கள் உண்டு. வீண் வேலை. கன்று சூப்பும்போது உள்ளே ஒரு தவாளிப்பு மூடி, குடிப்பதை நேரே நாலாம் வயிற்றுக்கு அனுப்பிவிடும். தின்ற இலை கிடப்பதோ முதல் வயிற்றில். குழாய் மருந்தை அங்கேயே இறக்கும்.

தூள், மருந்துக்கென விற்கும் அக்ரிவேற்றட் கரியாக (நஞ்சை உறிஞ்சுவதற்கெனப் பதப்படுத்திய கரி) இருக்கவேண்டும். அடுப்புக்கரி நஞ்சை அவ்வளவாகப் பிடிக்காது. கன்றின் நிறையில் கிலோவுக்கு 1 முதல் 3 கிராம். 40 கிலோக் கன்றுக்கு 80 கிராமை 400 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, வடித்து ஊற்றுங்கள். இந்தப் பையின் பலவீனம் இங்கேதான்: கூழ் தடித்தால் இறுக்கியடியில் அடைத்துவிடும். முடிவில் கொஞ்சம் வெறுந்தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

மூக்கு நுனியிலிருந்து முன்கால் முழங்கை வரை அளந்து குழாயில் அடையாளம் போடுங்கள். கன்று நிற்கவேண்டும், மூக்கு காதுக்கு மேலே உயரக்கூடாது. இடப்பக்கக் கழுத்தைத் தடவினால் வளையம் வளையமான மூச்சுக்குழாயும் அதற்குப் பக்கத்தில் குமிழும் தனித்தனியே கையில் தட்டுப்படவேண்டும். குமிழ் தட்டுப்படாவிட்டால், அல்லது கன்று இருமினால், உடனே இழுத்துவிடுங்கள். எடுக்கும்போது இறுக்கியைப் பூட்டாவிட்டால் மிச்சம் நுரையீரலுக்குள் சொட்டும். படுத்த படுக்கையாய், விழுங்க மாட்டாமல் கிடக்கும் கன்றுக்கு இதைப் போடவே கூடாது.

எல்லாத் தள்ளாட்டத்துக்கும் இது மருந்தல்ல. இளம் இறுங்குச் சோளக் குருத்தோ மரவள்ளி இலையோ தின்று மூச்சுத் திணறினால் அது சயனைட். கரி அதை அவ்வளவாகப் பிடிக்காது, மிருக வைத்தியர் நரம்பில் போடும் தயோசல்பேற்று ஊசிதான் வழி, அதுவும் நிமிசக் கணக்கில். குளக்கரையில் ஊதாப்பூப் பூக்கும் ஐப்போமியாச் செடியை வாரக்கணக்கில் தின்று தலை நடுங்கும் கன்றுக்கும் கரி உதவாது, மேய்ச்சலை மாற்றுங்கள். தலையைப் பின்னுக்கு வளைத்து வானம் பார்த்து, கண் தெரியாமல் வேலியில் முட்டினால் விற்றமின் பி1 குறைவாக இருக்கலாம். வாணி வடிந்து உடம்பு துடித்தால் வயலுக்கு அடித்த பூச்சிமருந்தையும் யோசியுங்கள்.

குமிழில் பல் பட்ட கீறல் தொண்டையைக் கிழிக்கும். மாற்றுக் குழாய் தனியாகக் கிடைக்காத செற்றை எடுக்கவேண்டாம்.