பாய்மரத்துக்குள் இறுகிப்போன பாய்: கழுவலாமா, கழற்றலாமா, கைவிடலாமா?

எங்கள் பாய்மரப் படகு மலேசியாவின் லங்காவித் தீவில் நிற்கிறது. 1990-களின் தொடக்கத்தில் கட்டிய நாற்பதடிப் படகு. நானும் மச்சானும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். வாங்குவதற்கு முன் இரண்டு வருடம் அது அசையாமல் கிடந்திருந்தது. முதல் நாள் பிரதானப் பாயை வெளியே இழுத்தால் ஒரு சாண் வந்தது, அப்படியே நின்றது. பாய்மரத்தின் பின்பக்கப் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரத் துணி, அதன்மேல் உப்பு, வெளியே எடுத்த விரல் நகத்தில் வெள்ளை மாவு. அந்த மாவுதான் எங்கள் மூன்று மாதத்தைத் தின்றது.

இந்த வகைப் படகு பழகாதவர்களுக்கு: பாய்மரம் உள்ளே குடைவாக இருக்கும். ஃபாயில் எனப்படும் நீண்ட அலுமினியத் தண்டு அதற்குள் மேலிருந்து கீழ்வரை நிற்கும். சுருள்திரையை நிமிர்த்தி வைத்ததுபோல பாய் அந்தத் தண்டில் சுருண்டு உள்ளே போகும். கீழே கியர் பெட்டியோ கயிறு சுற்றும் உருளையோ தண்டைத் திருப்பும். மேலே ஸ்விவல் இருக்கும். பாயோடு சேர்ந்து, அதை மேலே ஏற்றும் கயிறான ஏற்றுகயிறும் முறுக்கிக்கொள்ளாமல் பார்ப்பது அதன் வேலை. 1974-இல் அமெரிக்கா கோப்பைப் பாய்ப்படகுப் போட்டியை வென்ற ‘கரேஜியஸ்’ படகைச் செலுத்திய டெட் ஹூட்டின் நிறுவனம் செய்த ஸ்டோவே பாய்மரங்கள் பழைய படகுகளில் இன்னும் நிற்கின்றன. ஸ்வீடனின் செல்டன், பிரான்சின் இசட்-ஸ்பார்ஸ் ஆகியவையும் அதிகம் கண்ணில் படும்.

ஓடும்வரை சுகம்தான். நின்றுவிட்டால் ஒரு பொல்லாத முடிச்சு: இந்தப் பாயை இறக்க வேண்டுமென்றால் முதலில் முழுதாக விரிக்க வேண்டும். சுருண்டபடி இறுகினால் விரிக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது. பாதி விரிந்து இறுகினால் இன்னும் மோசம். மலாக்கா நீரிணையில் விடியும் முன் மேற்கிலிருந்து பாய்ந்து வரும் ‘சுமாத்ரா’ காற்றில் ஒருமுறை மாட்டியவர்களுக்கு, குறைக்க முடியாத பாய் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

செலவு செய்யும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பாய் சிக்குவது வேறு, எந்திரம் இறுகுவது வேறு. நைந்து தொளதொளத்த பாய் மடிப்பு மடிப்பாகச் சுருண்டு பிளவில் அடைத்துக்கொள்ளும். பாய்மர உச்சியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் பின்கம்பியை அதிகம் இறுக்கினால் பாய்மரம் வளையும், உள்தண்டு சுவரில் உரசும். பாயின் அடியில் கிடையாக நீளும் கழியான பூம் சரியான கோணத்தில் இல்லாவிட்டால் சுருள் ஒரு பக்கம் தடிக்கும். சுருட்டும்போது பாயை வெளியே இழுக்கும் வெளியிழுகயிற்றைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டால் சுருள் தளர்ந்து உள்ளேயே உப்பிவிடும். இவற்றுக்கெல்லாம் உதிரிப்பாகம் வேண்டாம். பின்கம்பியைத் தளர்த்தி, பாயைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று ஆட்டிப் பார்த்தாலே சில நேரம் வந்துவிடும்.

வரவில்லையா? ஏற்றுகயிற்றைத் தளர்த்துங்கள். உடனே தண்டு திரும்பினால் குற்றவாளி மேலே, ஸ்விவலில். அப்போதும் திரும்பாவிட்டால் கீழே கியரைத் தண்டிலிருந்து பிரித்து இரண்டையும் தனித்தனியாகத் திருப்பிப் பாருங்கள். மறந்தும் கயிறு இழுக்கும் எலக்ட்ரிக் வின்ச்சில் போட்டு இழுக்காதீர்கள். கயிறு அறுந்தால் அதிர்ஷ்டம். கியரின் பல் போனாலோ தண்டு முறுக்கிக்கொண்டாலோ, அதற்குப் பிறகு இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்கு உதவாது.

இருந்த இடத்திலேயே பார்ப்பதா, பாய்மரத்தை இறக்குவதா?

முதல் வழி மலிவு. நிறைய நல்ல தண்ணீர், வெள்ளை வினிகர், ஊடுருவும் எண்ணெய், ஹீட் கன், பொறுமை. வெள்ளை மாவு என்றேனே, அது அரித்த அலுமினியம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒட்டி நின்றால் அலுமினியம்தான் கரையும். கரைந்து உண்டாகும் மாவு பழைய உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில் எல்லாம் இறுகிவிடும். சூடு காட்டுவதற்குக் காரணம் உண்டு: ஒரே சூட்டில் அலுமினியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம் விரியும். மயிரிழை இடைவெளி திறக்கும். எண்ணெய் உள்ளே இறங்கும். பாய்த்துணிக்குப் பக்கத்தில் சூடு காட்டுகிறோம் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

நாங்கள் நான்கு நாள் இதைச் செய்தோம். கீழ்க் கியர் மூன்றாம் நாள் மாலையில் ‘டக்’ என்று விட்டது. மச்சான் அன்றைக்கே கொண்டாடிவிட்டார். மறுநாள் தொங்கு நாற்காலியில் உச்சிக்குப் போனபோதுதான் தெரிந்தது, ஸ்விவல் கல் மாதிரி இருந்தது. பதினாறு மீட்டர் உயரத்தில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் பேரிங்கோடு மல்லுக்கட்டுவது வேலைக்கு ஆகாது. இந்த வழியின் எல்லை அதுதான்: கீழே கோளாறு என்றால் முயலலாம், மேலே என்றால் நேரம் வீண்.

இரண்டாவது வழியில் கிரேன் வைத்து, பாய் உள்ளே இருக்க, பாய்மரத்தை அப்படியே இறக்கிக் கட்டைகள் மேல் கிடத்த வேண்டும். காசு பெரும்பாலும் கிரேனுக்கும் ஆள் கூலிக்கும்தான். ஆனால் தரையில் கிடக்கும்போது எல்லாம் கைக்கு எட்டும். தண்டை உருவி, நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்கலாம். திருகுகளை மாற்றும்போது டியூராலாக், டெஃப்-ஜெல் போன்ற தடுப்புப் பசை தடவினால் இரண்டு உலோகமும் இனி நேராகத் தொடாது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்குப் பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தால் காப்பீட்டுக்காரர் எப்படியும் மாற்றச் சொல்வார். அந்த வேலையோடு இதைச் சேர்த்தால் கிரேன் ஒரே தடவைதான்.

பேரிங் விஷயத்தில் பயந்துவிட வேண்டாம். பாய்மரம் செய்த கம்பெனி அந்தப் பாகத்தை நிறுத்தியிருக்கலாம், ஆனால் பல பழைய ஏற்பாடுகளில் உள்ளே இருப்பது சாதாரண அளவு பேரிங்தான். துடைத்துப் பார்த்தால் விளிம்பில் எண் இருக்கும். உதாரணத்துக்கு 6006-2ஆர்எஸ் என்றால், கடைசி 06-ஐ ஐந்தால் பெருக்க வேண்டும். உள்விட்டம் 30 மில்லிமீட்டர். 2ஆர்எஸ் என்பது இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. எந்தப் பேரிங் கடையிலும் கேட்கலாம், ஆனால் ஸ்டெயின்லெஸ் வேண்டும் என்று அழுத்திச் சொல்லுங்கள். சாதாரண எஃகு கடல் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். கிரீஸ் விஷயத்தில் ஒரே விதி கிடையாது. செல்டனின் பாய்சுருட்டியான ஃபர்லெக்ஸ், கிரீஸ் கேட்கும். ஹார்கன் கம்பெனியின் டோர்லான் பிளாஸ்டிக் உருண்டைகளுக்கு நல்ல தண்ணீர்க் கழுவல் போதும், கிரீஸ் போட்டால் அழுக்குதான் சேரும். வைத்திருக்கும் பொருளின் கையேட்டைப் பாருங்கள்.

இந்த ஏற்பாடே வேண்டாம் என்றால்?

உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, பிளவை ஒட்டிப் பாய்மரத்தின் முதுகில் தண்டவாளம் ரிவெட் அடித்து, விறைப்பாக நிற்கப் பட்டைகள் வைத்த சாதாரணப் பாய் போடலாம். டைட்ஸ் மரீன், ஹார்கன் தண்டவாளங்களை இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நல்ல ஓட்டம் வேண்டுமென்றால் இதுதான் வழி: உள்ளே சுருளும் பாயின் பின்விளிம்பை உட்குழிவாக வெட்டுவார்கள், இதில் வெளிப்புறம் வளைத்து வெட்டலாம், பரப்பு கூடும். சுருட்டும் பாரம் உச்சியில் நிற்காது. எது கெட்டாலும் கயிற்றை விட்டால் பாய் கீழே விழும். எனக்கு அந்தக் கடைசி வரி ரொம்பப் பிடிக்கும். ஆனால் புதுப் பாய், புதுத் தண்டவாளம், பாய்ப் பரப்பைக் குறைக்கும் கயிறுகள், பூமில் மாற்றம் என்று பட்டியல் நீளும். காற்று ஏறும்போது இரண்டு பேர் எழுந்து நின்று வேலை செய்ய வேண்டும். எங்கள் முழங்கால்களின் வயதையும் கணக்கில் சேர்த்தோம்.

பூமுக்குள் சுருளும் ஏற்பாட்டை, ஃபோர்ஸ்பாரின் லெஷர் ஃபர்ல் போன்றதை, ஒரு நண்பர் விடாமல் சிபாரிசு செய்தார். புதுப் படகில் அருமை. பழைய உள்சுருள் பாய்மரத்தில் தண்டவாளமும் அடிக்க வேண்டும், பூமும் மாற்ற வேண்டும், பாயும் புதிது. பூம் கோணத் தொல்லையும் கூடவே வரும். இரட்டைச் செலவு. புதுப் பாய்மரம் என்ற யோசனையைப் படகின் மொத்த விலையைச் சொல்லி மச்சானே முடித்துவைத்தார்.

நாங்கள் இறக்கினோம். தண்டு நேராக இருந்தது, பேரிங் கடையில் கிடைத்தது, கம்பிகளையும் அப்போதே மாற்றினோம். தண்டு வளைந்திருந்தாலோ கியர் பல் உதிர்ந்து மாற்று கிடைக்காமல் போயிருந்தாலோ, முழங்காலைப் பார்க்காமல் தண்டவாளத்துக்குப் போயிருப்பேன். தொளதொளத்த பழைய பாயையே திரும்ப மாட்டிக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று மச்சான் சொன்னதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை; அதுதான் திரும்பவும் சிக்கும். இப்போது அது அவர் வீட்டு வாசலில் கார் மூடும் துணியாகக் கிடக்கிறது. சரியாகப் பொருந்துகிறது என்கிறார்.