முத்தியால்பேட்டையில் செனகல் மீன்சோறு

சனி, ஞாயிறு மதியம் மட்டும் திறந்திருக்கும் வீட்டு உணவகம் இது. புதுச்சேரி முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டி, சோலை நகர் போகும் வழியில் ஒரு சந்து; அதில் ஒரு வீட்டின் கூடத்தில் நான்கு மேசைகள். பெயர்ப்பலகை கிடையாது. சமைப்பவர் புதுச்சேரிக் குடும்பத்துப் பெண், கணவர் மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. இருவருமே பாரீஸ் புறநகரில் பிறந்து வளர்ந்தவர்கள். கணவரின் தாயாரும் இவர்களுடைய மகளும் உடன் இருக்கிறார்கள். யாருடைய நாக்குக்காகவும் பக்குவத்தை மாற்றாமல் சமைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு முதலில் பிடித்தது.

"சேபு ஜென்" என்ற மீன்சோற்றுக்காகவே போக வேண்டும். செனகலின் தேசிய உணவு. 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. களவா மீனைத் தடித்த துண்டுகளாக வெட்டி, சதையைக் கத்தியால் கீறி, பூண்டும் பார்ஸ்லியும் மிளகாயும் இடித்த விழுதை உள்ளே அடைத்துப் பொரிக்கிறார்கள். அதே எண்ணெயில் தக்காளி விழுது கருஞ்சிவப்பாகும் வரை வதங்குகிறது. பிறகு தண்ணீர் ஊற்றி முட்டைக்கோஸ், காரட், கத்தரிக்காய், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் பெரிய துண்டுகளாகப் போகின்றன. செனகல் கருவாட்டுக்குப் பதில் வம்பாக்கீரப்பாளையத்துச் சுறாக் கருவாடு. அதை மறைக்காமல் சொல்கிறார்கள். காய்கள் வெந்ததும் எடுத்துவிட்டு, ஆவியில் அரைவேக்காடாக்கிய நொய்யரிசியை அந்தச் சாற்றில் கொட்டி மூடுகிறார்கள். அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டித் தனிக் கிண்ணத்தில் தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். அதில்தான் மொத்தச் சுவையும் இறங்கியிருக்கிறது.

நால்வராகப் போனால் ஒரே தாம்பாளத்தில் பரிமாறச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் உட்கார்ந்தோம். தாயார் வந்து பக்கத்தில் அமர்ந்தார். நடுவிலிருந்த மீனை வலக்கையால் பிட்டு, கட்டைவிரலால் முள்ளைத் தடவித் தள்ளி, ஒவ்வொருவர் பக்கத்துச் சோற்றின் மீதும் ஒரு துண்டை நகர்த்தி வைத்தார். கிழங்கையும் அதேபோல் பங்கிட்டார். அவர் ஊரில் விருந்தினரைக் கவனிக்கும் முறை இது.

அந்தத் தாயாரின் கணவர் செனகல் ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து 1960-களில் பிரான்சுக்குப் பிழைக்கப் போனவர். கார்த் தொழிற்சாலையில் வேலை, தொழிலாளர் விடுதியில் ஓர் அறையில் பலருடன் வாசம். ஊர்க்காரர்கள் கூடிச் சமைத்து உண்டு, சம்பளத்தில் ஒரு பங்கை ஊர்ப் பொதுநிதிக்குப் போட்டார்கள். அந்தப் பணத்தில் கிணறும் மசூதியும் எழுந்தன. சில ஆண்டு உழைத்து ஊர் திரும்பி, தம்பியையோ மகனையோ அனுப்புவது அதுவரை வழக்கம். 1974-இல் பிரான்ஸ் புதிய தொழிலாளர் வரவை நிறுத்தியதும், போனால் திரும்ப முடியாது என்று அஞ்சிப் பலர் அங்கேயே தங்கி மனைவி மக்களை வரவழைத்துக்கொண்டார்கள். இந்தத் தாயாரும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். பின்னாளில், அடுக்குமாடிக் குடியிருப்பின் சிறிய சமையலறையில் தமிழ் மருமகளுக்கு இந்தச் சோற்றைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

செனகலுக்கும் புதுச்சேரிக்குமான இந்த உறவு திடீரென்று முளைத்ததும் அல்ல. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த "கினே" நீலத்துணி செனகல் ஆற்று வணிகத்தில் பணமாகவே புழங்கியது. அதைக் கொடுத்துத்தான் பிரெஞ்சு வணிகர்கள் மரப்பிசின் வாங்கினார்கள். முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. பஞ்சாலையில் உழைத்த என் தந்தை, ஆப்பிரிக்காவுக்குப் போன துணி பற்றி அவருடைய பெரியவர்கள் சொன்னதை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். நொய்யரிசிக்கும் கதை உண்டு. பிரெஞ்சு ஆட்சி செனகல் நிலத்தில் நிலக்கடலையைப் பெருக்கி, சாப்பாட்டுக்குத் தன் ஆட்சியில் இருந்த வியட்நாம் பக்கத்து இந்தோசீனாவிலிருந்து நொய்யை இறக்கியது.

அரிசித் தாளில் பூரணம் சுருட்டிப் பொரிக்கும் வியட்நாம் பலகாரமான நெம்மும் அந்த வழியாக வந்ததே. இந்தோசீனப் போருக்குப் போன செனகல் சிப்பாய்கள் சிலர் வியட்நாம் மனைவியரோடு ஊர் திரும்ப, தலைநகர் டாக்கார் தெருக்களில் நெம் விற்பனைக்கு வந்தது. பிரெஞ்சுப் படையில் சேர்ந்து சைகோன் போய் வந்த நம் புதுச்சேரிச் சிப்பாய்களான சொல்தாக்கள் வீட்டில் அதுவே சாயோ. சமைக்கும் அம்மாவின் தாத்தாவும் சொல்தாதான். ஆனால் இங்கே பரிமாறும் நெம் எனக்குத் திருப்தியாக இல்லை. அரிசித் தாளுக்குப் பதில் மைதாத் தாள், எண்ணெய் வேறு குடித்திருந்தது. புதுச்சேரி வீடுகளில் இதைவிட நன்றாகச் செய்கிறார்கள். செம்புளிச்சை இதழ்ப் பானத்திலும் சர்க்கரை அதிகம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் காய் போட்ட நிலக்கடலைக் குழம்பும் சோறும் மட்டுமே.

சாப்பிட வருகிறவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த வீட்டு மகள் தட்டு எடுத்து வரும்போது பின்னலைத் தொட்டுப் பார்க்கிறார்கள். எந்த ஊர் என்று கேட்டு, "முத்தியால்பேட்டை" என்று நல்ல தமிழில் பதில் சொன்னால் சிரிக்கிறார்கள். பக்கத்து மேசையில் இது நடந்தபோது எழுந்து போய்க் கண்டித்தேன். பிரான்சில் நம் பிள்ளைகளிடம் இதே கேள்வியைக் கேட்டபோது எத்தனை குடும்பங்கள் கொதித்தன! முடியைத் தொடாதீர்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள், சலிக்காமல் சொல்வாள்.

மீன்சோறு தட்டு 350 ரூபாய், நால்வர் தாம்பாளம் 1,300. வெள்ளி மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். அளவு பார்த்துத்தான் மீன் எடுக்கிறார்கள். சொன்ன நேரத்துக்கு மேல் முக்கால் மணி நேரம் காக்க வேண்டியிருக்கலாம். சந்துக்குள் கார் நுழையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மீன்சோறு கிடையாது; எலுமிச்சையும் வெங்காயமும் குழைந்த கோழி யாசா செய்கிறார்கள், அதுவும் அருமை.