ரெக்கார்டர் கைடில் படங்களுக்கு ரேட்டிங் வராமல் போனதும் அதன் விளைவுகளும்

டிவி ரெக்கார்டரைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறேன். பதிவுத் தரம், ரிமோட், டிஸ்க் எதிலும் சொல்லும்படியான குறை இல்லை. குறை, எந்தச் சேனலில் எப்போது என்ன வரும் என்று திரையில் காட்டும் புரோகிராம் கைடில்தான். முன்பு ஒரு படத்தின் பெயருக்குப் போனால் வெளியான வருடம், நட்சத்திரம், எந்த வயதினர் பார்க்கலாம் என்ற சான்றிதழ் மூன்றும் வந்துவிடும். கைடுக்கான தகவல் வேறு இடத்திலிருந்து வரத் தொடங்கிய பிறகு நிறையப் படங்களுக்கு வெறும் பெயரும் இரண்டு வரிக் கதையும் மட்டும்தான்.

பெட்டியை ரீசெட் செய்து, சேனல்களை மறுபடி தேடிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரே படம் இரண்டு சேனல்களில் வரும் நாளில் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றில் ரேட்டிங் இருந்து மற்றதில் இல்லையென்றால் கோளாறு பெட்டியில் இல்லை, வரும் தகவலில் இருக்கிறது. டிவிபி (டிஜிட்டல் டிவி ஒளிபரப்புக்கான தரநிலை) ஒளிபரப்பில் வயது வரம்புக்கென்று தனி இடம் உண்டு. அதில் நாட்டின் குறியீடும் ஓர் எண்ணும் போகும், அந்த எண்ணோடு 3 கூட்டினால் குறைந்தபட்ச வயது, அதாவது 9 என்றால் 12 வயது. 0 என்றால் வரம்பு குறிக்கப்படவில்லை என்று பொருள். நட்சத்திரத்துக்கு அப்படி ஓர் இடமே கிடையாது, அது பெரும்பாலும் இணையம் வழியாகக் கைடு தகவல் தரும் நிறுவனத்திடமிருந்துதான் வர வேண்டும், அவர்கள் பட்டியலில் இல்லையென்றால் பெட்டி என்ன செய்யும்?

நட்சத்திரம் போனது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, அது யாரோ ஒருவரின் ரசனைதானே. ஆனால் "மூன்று நட்சத்திரத்துக்கு மேல் உள்ள படங்களைத் தானாகப் பதிவு செய்" என்று விதி போட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். என் பெட்டி நட்சத்திரம் இல்லாத படத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு ஒதுக்கிவிடுகிறது, எந்த எச்சரிக்கையும் வராது, நல்ல பழைய படங்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. இப்போது இயக்குநர், நடிகர் பெயரை வைத்து விதி போடுகிறேன். வருடம் இல்லாதது அதைவிடத் தொல்லை, ஒரே பெயரில் பழைய படமும் மறுஆக்கமும் இருந்தால் எது வரப்போகிறது என்று கண்டுபிடிக்கவே முடிவதில்லை.

வயதுச் சான்றிதழ் விஷயம் இப்படி விட்டுவிடக் கூடியது அல்ல. வீட்டில் குழந்தைகள் இருப்பவர்கள் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான படங்களுக்கு ரகசிய எண் (பின் நம்பர்) கேட்கும்படி பூட்டு போட்டிருப்பார்கள். சான்றிதழ் இல்லாமல் வரும் படத்தை என் பெட்டி தடுப்பதே இல்லை, பெரியவர்களுக்கான வன்முறைப் படம்கூட நேராக ஓடும். பூட்டு போட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் பெற்றோர் பக்கத்து அறையில் இருப்பார்கள், எனக்கு இதில்தான் கோபம். அமைப்புகளில் "ரேட்டிங் இல்லாதவற்றையும் தடு" என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அதைப் போட்டால் செய்திக்கும் கிரிக்கெட்டுக்கும் பின் நம்பர் கேட்கிறது, ஏனென்றால் அவற்றுக்குப் பெரும்பாலும் ரேட்டிங் கொடுப்பதே இல்லை. கொஞ்ச நாளில் வீட்டில் எல்லோருக்கும் நம்பர் மனப்பாடமாகிவிடும், அப்புறம் பூட்டு இருந்து என்ன பயன்?

கணினியில் ரெக்கார்டர் மென்பொருள் ஓட்டுபவர்களுக்கு வழி இருக்கிறது. நிகழ்ச்சிப் பட்டியலைக் கோப்பாகத் தரும் எக்ஸ்எம்எல்டிவி வடிவத்தில் சான்றிதழ், நட்சத்திரம், வருடம் மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு, நல்ல மூலத்திலிருந்து கைடை எடுத்து இணைத்துவிடலாம். கைடு மூலத்தை நாமே மாற்ற முடியாத மூடிய பெட்டி வைத்திருப்பவர்கள் புகார் கொடுக்கத்தான் வேண்டும். அப்போது சேனல், தேதி, நேரம், படத்தின் பெயர் நான்கையும் எழுதுங்கள், பொதுவாக "ரேட்டிங் வரவில்லை" என்று சொன்னால் ரீசெட் செய்யச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். நான் இப்படி எழுதியதில் சில படங்களுக்குச் சரியானது.

தயாரிப்பாளர்கள் இதைச் சுலபமாகவே சரி செய்யலாம். படமா, செய்தியா, விளையாட்டா என்ற வகைக் குறியீட்டுக்கு டிவிபி சிக்னலிலேயே இடம் இருக்கிறது. படம் என்று குறி இருந்து சான்றிதழ் இல்லையென்றால் மட்டும் பின் நம்பர் கேளுங்கள், செய்தியை விட்டுவிடுங்கள். கைடிலும் அந்த இடத்தைக் காலியாக விடாமல் "வயது வரம்பு தெரியவில்லை" என்று ஒரு வரி போடுங்கள்.