சார்ஜ் முழுவதும் இருக்கிறது, வண்டிதான் நகரவில்லை

மின் ஸ்கூட்டர் வாங்கலாமா, பெட்ரோலிலேயே இருந்துவிடலாமா என்று அலுவலக நண்பர் கேட்ட நேரம் சரியில்லை. என் வண்டி அப்போது சர்வீஸ் சென்டரில் கிடந்தது. அதனால் இதில் காரம் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும்.

கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். என்னுடையது 3 கிலோவாட் ஹவர், அதாவது 3 யூனிட் மின்சாரம் கொள்ளும் பேட்டரி. 2023 ஜூனில் மத்திய அரசு மின் வண்டிகளுக்குத் தரும் ஃபேம் மானியத்தைக் குறைப்பதற்கு முன்பே வாங்கியது. ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் முழு சார்ஜுக்கு மூன்றரை யூனிட் பிடிக்கும். கோவை நகருக்குள் 90 கிலோமீட்டர் ஓடும். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடுகிறது. 2024 ஜூலைக் கட்டணப்படி அதற்கு மேல் வரும் நூறு யூனிட்டுக்கு யூனிட் 8 ரூபாய் 40 காசு. அந்த விலையில் போட்டாலும் 90 கிலோமீட்டருக்கு 30 ரூபாய் ஆகாது. பெட்ரோல் ஸ்கூட்டர் இதே தூரத்துக்கு இரண்டு லிட்டர், அதாவது 200 ரூபாய் குடிக்கும். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டுக்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எல்லையைத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்குக் கிடைத்த 2.35 ரூபாய் விலை 4.70 ஆகிவிடும். அப்போதும் மின்சாரம்தான் மலிவு.

ஓட்டவும் சுகமான வண்டி. பின்னால் ஆளை வைத்துக்கொண்டு உக்கடம் மேம்பாலம் ஏறினாலும் முக்கல் முனகல் கிடையாது. ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வேகத்தைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக் ஷூ தேய்வதே அரிது.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். இத்தனை பெரிய பேட்டரி போக 12 வோல்ட்டில் ஒரு குட்டி பேட்டரி உண்டு. டிஸ்பிளே, பூட்டு, பெரிய பேட்டரியை மோட்டாருடன் இணைக்கும் சுவிட்ச் எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது இதுதான். வண்டி சும்மா நிற்கும்போதும் உள்ளே இருக்கும் சிம் கார்டு கருவி இதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இது செத்தால் பெரியவர் நிறைகுடமாக இருந்தும் பயனில்லை. ஊருக்குப் போய்த் திரும்பிய அன்று அதுதான் நடந்தது. சீட்டுக்கு அடியில்தான் அந்தக் குட்டி பேட்டரி இருக்கிறது. சீட்டைத் திறக்கச் சாவித் துளை கிடையாது, மின்பூட்டு. அந்தப் பூட்டுக்கு மின்சாரம் தர வேண்டியது உள்ளே செத்துக் கிடக்கும் அதே பேட்டரி! இந்த அமைப்பை யோசித்தவரை ஒருமுறை நேரில் பார்க்க ஆசை. ஹேண்டில் பூட்டும் அப்படியே இறுகிவிட்டதால் தள்ளவும் வழியில்லை. நான்கு பேர் தூக்கிக் குட்டி யானையில் ஏற்றினோம்.

தெருமுனை மெக்கானிக், "அண்ணா, இதில் கை வைத்தால் வாரன்டி போய்விடும்ங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சர்வீஸ் சென்டரிலோ கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்க்க ஆள் வர வேண்டும் என்றார்கள், வாரம் ஓடியது. மாற்றியது என்னவோ சாதாரண ஸ்கூட்டர் பேட்டரி விலையில் ஒரு சாமான்தான். குட்டி யானை வாடகையும் ஆட்டோச் செலவும் அதைவிடக் கூடுதல்.

பெட்ரோல் வண்டியிலும் பேட்டரி சாகத்தான் செய்யும். புதிய பைக்குகள் பலவற்றில் கிக்கரும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டில் நிற்கும் பழைய ஸ்கூட்டரை நாலு உதை உதைத்தால் கிளம்பிவிடும். எந்த ஊரில் நின்றாலும் கை வைக்க ஒரு மெக்கானிக் இருப்பார்.

நண்பருக்குச் சொந்த வீடு, வாசலிலேயே பிளக் பாயிண்ட், அலுவலகம் பக்கத்திலேயே. மின் ஸ்கூட்டருக்கு இதைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். இருந்தும், "பெட்ரோலே வாங்குங்கள்" என்றுதான் சொன்னேன். "அப்படியானால் உங்கள் வண்டியை எனக்குக் குறைந்த விலைக்குத் தந்துவிடுங்களேன்" என்றார்.

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.