மரத்தடியில் கேட்ட வாய்தா

தந்தையார் மறைந்த பின் வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் வாங்குவதற்காக, கடந்த தை மாதம் மூன்று வார விடுப்பில் டொரொண்டோவிலிருந்து காங்கயம் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். இ-சேவை மையத்திலும் தாலுகா அலுவலகத்திலுமாக அந்த வேலைகள் பெரிய சிரமமின்றி நடந்தன. வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே எடுத்துக்கொண்டேன். ஆனால் விடுப்பின் பெரும்பகுதி வேறொரு காரியத்துக்கே சரியாகப் போயிற்று. என் அத்தையின் வழக்கை ஒன்றரை ஆண்டாக நடத்துவதாகச் சொல்லிவந்தவர் வழக்கறிஞரே அல்லர் என்பது நான் போன பிறகுதான் தெரியவந்தது.

அத்தைக்கு 68 வயது. மாமா இறந்த பிறகு தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். தோட்டத்துக்குப் போக இருப்பது ஒரே இட்டேரி. இருபுறமும் கிளுவை வேலி, மூன்று தலைமுறையாக மாட்டு வண்டி போய் வந்த தடம். பக்கத்துக் காட்டைப் புதிதாக வாங்கியவர், அந்தத் தடம் தம் பட்டாவுக்குள் வருகிறது என்றும், அத்தை அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் நிரந்தர உறுத்துக் கட்டளை, அதாவது நிரந்தரத் தடை உத்தரவு, கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். சம்மன் வந்ததும், பத்திர ஆபீஸ் பக்கம் அறை எடுத்து 'அட்வகேட்' என்று பலகை மாட்டியிருந்த ஒருவரிடம் ஊர்க்காரர் ஒருவர் அத்தையை அழைத்துப் போயிருக்கிறார். அவர் வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சம்மனையும் பிராது நகலையும் வாங்கி வைத்துக்கொண்டார். தேங்காய் விற்ற காசில் மூன்று தவணையாக 35,000 ரூபாய் அவரிடம் போயிருக்கிறது.

அதன்பின் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "வாய்தா போட்டிருக்காங்கம்மா." ஒரு முறை அத்தை நேரிலேயே கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். வளாகத்து வேப்பமரத்தடியில் அவரை உட்கார வைத்துவிட்டு, கறுப்புக் கோட்டுடன் உள்ளே போன அந்த மனிதர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்து, "அடுத்த மாசத்துக்கு வாய்தாங்கம்மா, நீங்க கெளம்புங்க" என்றிருக்கிறார். கோர்ட் அறைக்குள் யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், நீதிமன்றம் என்பது சட்டப்படி திறந்த மன்றம் என்று அத்தைக்கு யாரும் சொன்னதில்லை. உள்ளே போனால் தப்பாகிவிடும் என்று நினைத்து வெளியிலேயே இருந்திருக்கிறார்.

ஊருக்குப் போன இரண்டாம் நாள் வழக்கு எண்ணைக் கேட்டேன். அத்தைக்குத் தெரியவில்லை. மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய காகிதங்களில் ஒரு விசிட்டிங் கார்டும், வெள்ளைத் தாளில் எழுதிய மூன்று ரசீதுகளும், வக்காலத்தின் ஜெராக்ஸ் ஒன்றும் இருந்தன. நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் கோர்ட்டையும் ஆண்டையும் கொடுத்து, அத்தையின் பெயரைப் போட்டுத் தேடினேன். வழக்கு கிடைத்தது, எட்டு மாதத்துக்கு முன்பே எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது அத்தை தரப்பில் யாரும் ஆஜராகவில்லை என்று ஒருதலைப்பட்சமாக, தீர்ப்பும் ஆகியிருந்தது. வாதி பெயருக்குக் கீழே அவருடைய வழக்கறிஞர் பெயர் இருந்தது. அத்தை பெயருக்குக் கீழே ஒன்றுமே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து அந்த வெற்றிடத்தைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த வயதான வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் அந்த ஜெராக்ஸைக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு முறை பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "ஏனுங்க தம்பி, வெல்ஃபேர் ஸ்டாம்பும் ஒட்டல, என்ரோல்மெண்ட் நம்பரும் எழுதல. இதைக் கொண்டு போனா ஆராச்சும் வாங்குவாங்களா?"

பார் கவுன்சிலில் பதிவு செய்துகொண்ட வழக்கறிஞர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் பதிவு செய்த ஆண்டும் உண்டு. எங்கள் பகுதிக்குரியது சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். சட்டப் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கியிருந்தாலும் அந்தப் பதிவு இல்லாதவர் வழக்கறிஞர் ஆகமாட்டார். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 29, 33 ஆகிய பிரிவுகள் இதைத்தான் சொல்கின்றன. உரிமையின்றித் தொழில் செய்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை என்கிறது 45ஆம் பிரிவு. கோர்ட்டில் வாதாடாமல் அறையில் உட்கார்ந்து நோட்டீஸ் எழுதுவதும் யோசனை சொல்வதும் மட்டுமே செய்தால் இது பொருந்தாது என்று சிலர் என்னிடம் வாதிட்டார்கள். அது சரியல்ல. வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் தொடர்பான ஏ.கே.பாலாஜி வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம், சட்ட ஆலோசனையும் ஆவணம் எழுதுவதும் கூட வழக்கறிஞர் தொழிலுக்குள் அடங்கும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

இதைச் சொல்லும்போது குமாஸ்தாக்களையும் உரிமம் பெற்ற பத்திர எழுத்தர்களையும் அந்த மனிதரோடு சேர்த்துவிடக் கூடாது. பத்திர எழுத்தருக்கு அரசு உரிமம் உண்டு. எழுதிய பத்திரத்தில் அவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கும். வழக்கறிஞரின் கீழ் வேலை செய்யும் குமாஸ்தா தம்மை வக்கீல் என்று சொல்லிக்கொள்வதில்லை. அத்தையின் வழக்கில் முதலில் உண்மையைச் சொன்னவரே ஒரு குமாஸ்தாதான். நான் இருக்கும் ஒன்டாரியோவில் பாராலீகல் எனப்படும், வழக்கறிஞர் அல்லாத சட்டப் பணியாளர்களுக்கும் 2007 முதல் உரிமம் கட்டாயம்; சட்டச் சங்கத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் ஒருவர் உரிமம் உள்ளவரா என்று தெரிந்துவிடும்.

நம்பரைக் கேட்டிருக்கலாமே என்று அத்தையிடம் சொன்னதற்காக இப்போது வருந்துகிறேன். "வக்கீலைப் பாத்து உங்க நம்பரு என்னன்னு கேக்கறதா கண்ணு? மொகத்துல அடிச்சாப்பல இருக்காதா?" என்றார். எங்கள் பக்கத்தில் மரியாதை அப்படிப் பழகிவிட்டது. கோட்டுப் போட்டவரிடம் சந்தேகம் கேட்பது அவரை அவமதிப்பது என்று நினைக்கும் கிராமத்துப் பெண்களை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுகிறவர் அத்தை. அவருக்கு விசாரிக்கத் தெரியாமல் இல்லை. இந்த இடத்தில் விசாரிக்கலாம் என்பதுதான் தெரியவில்லை.

பதிவு எண்ணைச் சரிபார்த்த பிறகே புதிய வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தினோம். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கும் மனுவைத் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும். சம்மன் முறைப்படி வந்து சேராதவருக்கு மட்டும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து கணக்கு. அத்தை சம்மனைக் கையெழுத்திட்டு வாங்கியிருந்ததால் அந்தச் சலுகை இல்லை. ஆகவே காலவரம்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ்த் தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவையும் சேர்த்துப் போட்டோம். வழக்கறிஞரின் தவறுக்குக் கட்சிக்காரர் பலியாகக் கூடாது என்று ரபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் 1981இல் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் புதிய வழக்கறிஞர் எடுத்துக்காட்டினார். இங்கே தவறு செய்தவர் வழக்கறிஞர் கூட இல்லை என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதி, மூன்று ரசீதுகளையும் விசிட்டிங் கார்டையும் இணைத்தோம்.

போலீஸ் நிலையத்தில் இரண்டு நாள் அலைந்த பிறகே மனு ரசீது கிடைத்தது. "பெரியவங்களா வெச்சுப் பேசி முடிச்சுக்கோங்க" என்றுதான் முதலில் சொன்னார்கள். அன்று மாலையே அந்த மனிதர் வேறொருவர் மூலம் 10,000 ரூபாய் கொடுத்தனுப்பி, புகாரைத் திரும்பப் பெறச் சொன்னார். அத்தை பணத்தைத் தொடவில்லை.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தர வேண்டும். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். அதற்கான வட்டச் சட்டப் பணிகள் குழுவின் அறை அதே வளாகத்தில்தான் இருந்தது. வேப்பமரத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன், நாற்பது காலடி கூட இல்லை.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் மனுவுக்கு எண் கிடைத்தது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் அனுப்ப உத்தரவாகியிருக்கிறது. இட்டேரியில் இப்போதைக்கு யாரும் வேலி போடவில்லை. சென்ற வாய்தா அன்று இரவு போன் செய்தபோது, அத்தை கோர்ட் அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்ததாகச் சொன்னார். தம் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றாராம்.