மிசிக் சோதனைப் பெட்டி: கை பழக அருமை, மதிப்பெண்ணை மட்டும் நம்பாதீர்கள்

மருத்துவ உளவியல் பயிற்சியில் பிள்ளைகளின் நுண்ணறிவை அளக்கப் பழகுவது பெரும்பாலும் பினே-காமத், மிசிக் (MISIC) என்ற இரண்டு சோதனைகளில்தான். புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளோடு மிசிக்கைப் பயன்படுத்தப் போகும் எம்.ஃபில். மாணவர்களுக்காக இந்த மதிப்பீடு.

1949-ல் வந்த, பிள்ளைகளுக்கான வெக்ஸ்லர் நுண்ணறிவுச் சோதனையை இந்தியாவுக்கு ஏற்ப மாலின் என்ற உளவியலாளர் 1969-ல் மாற்றி அமைத்ததுதான் மிசிக். 6 வயது முதல் 15 வயது 11 மாதம் வரைக்கானது. மொழிப் பிரிவில் 6, செயல் பிரிவில் 5 என 11 உட்சோதனைகள். முழுதாகச் செய்ய இரண்டு மணி நேரம் தாண்டிவிடும். சின்னப் பிள்ளையை ஒரே மூச்சில் உட்கார வைத்தால் கடைசியில் அளப்பது அதன் களைப்பைத்தான். இரண்டு அமர்வாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கவனித்துப் பார்க்கக் கற்பதற்கு நல்ல பெட்டி. கட்டை அடுக்கும்போது பிள்ளை மாதிரியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறதா, ஒரே தப்பை மீண்டும் செய்கிறதா, பாதியில் கைவிடுகிறதா என்பதெல்லாம் மதிப்பெண்ணில் வராது. குறித்து வைத்தால்தான் உண்டு. பிள்ளை கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டிய எண் வரிசையை நொடிக்கு ஓர் எண் என்று ஒரே சீராகச் சொல்ல வேண்டும். போன் நம்பர் சொல்வதுபோல் இரண்டிரண்டாகச் சேர்த்துவிட்டால் சோதனை எளிதாகிவிடும். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்றிருக்கும் பிள்ளையிடம் எந்த மொழி என்று முதலிலேயே முடிவு செய்து, அறிக்கையிலும் எழுதுங்கள்.

குறை இருப்பது கணக்கில். ஒவ்வொரு உட்சோதனைக்கும் வயது அட்டவணையில் ஈவு (அந்த வயதுக்கான ஐ.க்யூ. போன்ற எண்) பார்த்து, பிரிவுவாரியாகச் சராசரி எடுத்து, அந்த இரண்டுக்கும் மறுபடி சராசரி எடுப்பதுதான் மொத்த ஐ.க்யூ. மொழி 62, செயல் 98 என்றால் மொத்தம் 80. அந்த 80 இந்தப் பிள்ளையைப் பற்றி எதையும் சொல்லாது; இரண்டையும் தனித்தனியாக எழுதுவதே நேர்மை. சராசரிக்குள் சராசரி எடுக்கும்போது ஓரத்தில் இருக்கும் மதிப்பெண்கள் நடுவை நோக்கி நகரும். அட்டவணையும் அரை நூற்றாண்டுப் பழசு. பழைய அளவில் இன்றைய பிள்ளைகள் கூடுதலாகவே எடுப்பார்கள். இரண்டு பிழையும் ஒரே திசையில் தள்ளுவதால், உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளை, அறிவுசார் குறைபாட்டுக்கு எல்லைக்கோடான 70-க்கு மேலே போய் நின்றுவிடும். மாற்றுத்திறன் சான்றிதழும் சலுகையும் கைநழுவிப் போகும் இடம் இது.

ஆகவே பயிற்சிக்குத் தாராளமாக வாங்கலாம். முடிவெடுக்க இது மட்டும் போதாது. பிள்ளை அன்றாட வேலைகளைத் தானே எவ்வளவு செய்கிறது என்று பார்க்கும் வைன்லாண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோலைச் சேர்த்தே செய்யுங்கள். அதில் 89 கேள்விகள். பதில் சொல்பவர் பெரும்பாலும் அம்மா. “தானே சாப்பிடுவானா?” என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும். “நேத்து ராத்திரி சோறு பிசைஞ்சு குடுத்தது யாரும்மா?” என்று கேளுங்கள்.