நெட்பிளான்: தொலைவிலிருக்கும் சேவையகத்துக்கு ஏற்ற கருவியா?

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சேவையகங்களின் பிணைய அமைப்பைக் கட்டளை வரியிலிருந்தே எழுதி நிலைநிறுத்தும் நெட்பிளான், 2017 அக்டோபரில் வெளிவந்த 17.10 பதிப்பிலிருந்து இயல்பாகவே உடன் வருகிறது. அதற்கு முன் இன்டர்ஃபேசஸ் என்ற ஒற்றைக் கோப்பில் நான்கைந்து வரி எழுதிப் பழகிய எனக்கு, இடப்பக்க இடைவெளி பிசகினாலே ஏற்க மறுக்கும் யாமெல் என்ற உரைக்கோப்பு வடிவம் தொடக்கத்தில் எரிச்சலையே தந்தது. அந்த எரிச்சல் இன்றும் முழுமையாகத் தீரவில்லை. டேப் விசையைத் தவறி அழுத்திவிட்டுப் பிழை தேடிய மாலைகள் சில உண்டு.

ஆயினும் இக்கருவியை நான் விடாமல் வைத்திருப்பதற்கு, 'நெட்பிளான் டிரை' என்ற ஒரே கட்டளை போதிய காரணம். பழைய முறையில் ஒருமுறை வெளியூரிலிருந்த இயந்திரத்தின் கேட்வே (வெளிப் பிணையத்துக்கான வாயில்) முகவரியில் கடைசி எண்ணைத் தவறாக எழுதிப் பிணையத்தை மறுதொடக்கம் செய்தேன். தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பின் திரை அப்படியே உறைந்தது. அந்தக் கட்டடத்தின் இரவுக் காவலரைத் தொலைபேசியில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லித் தட்டச்சு செய்யவைத்து மீட்டெடுப்பதற்குள் நள்ளிரவு கடந்துவிட்டது. நெட்பிளான் டிரையோ புதிய அமைப்பை உடனே செயற்படுத்திவிட்டு, 120 நொடிகள் நம் பதிலுக்காகக் காத்திருக்கிறது. இணைப்பு அறுந்து நம்மால் என்டர் விசையை அழுத்த முடியாமற்போனால், தானாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடுகிறது. கால அளவை நாமே கூட்டவோ குறைக்கவோ முடியும். இப்படிக் காத்திருக்காமல் அமைப்பை நிலைநிறுத்தும் 'அப்ளை' கட்டளையை நேரடியாகக் கொடுப்பவர்களின் துணிச்சல் எனக்கில்லை.

பிழைச் செய்திகளும் பாராட்டத்தக்கவை. ஐபி முகவரியை 192.168.1.20 என்று மட்டும் எழுதி, அதில் எவ்வளவு பகுதி பிணையத்தைக் குறிக்கிறது என்று காட்டப் பின்னால் வரவேண்டிய /24 என்ற முன்னொட்டு நீளத்தை விட்டுவிட்டால், எந்தக் கோப்பில் எந்த வரியில் எந்த இடத்தில் அது விடுபட்டது என்பதைச் சுட்டிக்காட்டி நிறுத்திவிடுகிறது. ஐபி என்னும் கட்டளையால் செய்யும் மாற்றங்கள் அப்போதே நடைமுறைக்கு வந்தாலும் இயந்திரத்தை மறுதொடக்கம் செய்ததும் மறைந்துவிடும் என்பதால், நான் அதைச் சோதித்துப் பார்ப்பதற்கு மட்டுமே வைத்துக்கொண்டு, நிலையாக வேண்டியதை நெட்பிளானில் எழுதுகிறேன்.

குறை என்று சொல்வதானால், நெட்பிளான் தானாக எந்த இடைமுகத்தையும் (பிணைய இணைப்பு முனையையும்) இயக்குவதில்லை என்பதைப் புதியவர்கள் உணராமல் போகிறார்கள். அது யாமெல் கோப்பைப் படித்து, பின்னணியில் பிணையத்தை இயக்கும் மென்பொருள்களான சிஸ்டம்டி-நெட்வொர்க்டிக்கோ நெட்வொர்க்மேனேஜருக்கோ உரிய கோப்புகளாக மாற்றித் தருகிறது. உண்மையான வேலையை அவையே செய்கின்றன. ஆகவே முகவரி வந்து சேராதபோது இரண்டு அடுக்குகளிலும் தேட வேண்டியிருக்கிறது. கேட்வே முகவரியைக் குறிக்கும் கேட்வே4 என்ற எளிய வரியையும் கைவிடச் சொல்லிவிட்டார்கள். இப்போது வழித்தடங்கள் பகுதியில் இயல்பு வழி என்று தனியாக எழுத வேண்டும். பழைய கோப்புகளை அப்படியே படியெடுப்பவர்களுக்கு எச்சரிக்கை வரும். கோப்பை மற்றவர்களும் படிக்கும்படி விட்டிருந்தால் அதற்கும் ஓர் எச்சரிக்கை வரும். வைஃபை கடவுச்சொல்லும் அதிலேயே இருக்கக்கூடும் என்பதால் அந்தக் கண்டிப்பை நான் ஏற்கிறேன்.

அடிக்கடி வைஃபை மாற்றும் மடிக்கணினிக்கு நெட்வொர்க்மேனேஜரின் என்எம்சிஎல்ஐ கட்டளையே வசதி. அங்கே நெட்பிளானைத் தனியாகத் தொட எனக்குத் தேவை ஏற்பட்டதில்லை. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் சேவையகத்துக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன், ஒரு விலக்குடன்: பிரிட்ஜ் (பிணையப் பகுதிகளை இணைக்கும் பாலம்), பாண்ட் (பல இடைமுகங்களை ஒன்றாகச் சேர்ப்பது) ஆகியவற்றுக்குத் தனி அளவுருக்கள் எழுதியிருந்தால் அவற்றைத் திருப்பிவைக்க இயலாது என்று டிரை கட்டளையே மறுத்து, அப்ளையைப் பயன்படுத்தச் சொல்கிறது. அத்தகைய இயந்திரத்தில் மாற்றம் செய்யும் நாளில் மட்டும் நான் நேரில் போய், விசைப்பலகையை முன்னால் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன்.